பன்னிரண்டு வோல்ட் முதலையும் சுவரோரத்து மின்மாற்றியும்

பொம்மை ரயிலோடு வரும் பழைய மின்மாற்றி, அதாவது சுவர் மின்சாரத்தைக் குறைத்துத் தண்டவாளத்துக்குத் தரும் பெட்டி, ஆபத்தான நிலையில் என்னிடம் வருவது இந்த ஆண்டில் இது ஆறாவது. சனிக்கிழமை காலையில் நம்மவர் ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு, இங்கே சுவிஸில் உள்ள என் பழுதுபார்க்கும் பட்டறைக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே, இந்நாட்டின் கோத்தார்டு மலைப்பாதையில் ஓடிய ‘முதலை’ என்ற மின்சார ரயில் என்ஜினின் பொம்மை வடிவம். அப்பாவும் பிள்ளையும் மூன்று வாரம் உட்கார்ந்து லெகோ கட்டைகளால் கட்டியது. 1980களின் சாம்பல் நிறத் தண்டவாளம், அதே காலத்து 12 வோல்ட் மோட்டார், எல்லாம் பழம்பொருள் சந்தையில் தேடிப் பிடித்தவை. நீண்ட மூக்குகள் இரண்டும் வளைவில் தனித்தனியே திரும்புகின்றன. சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் பிசகாமல் சுற்றுகின்றன. அருமையான கைவேலை.

“ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, பாருங்கள் அண்ணா” என்றார்.

மோட்டாரில் கோளாறு இல்லை. மின்சாரம் வரும் நடுத்தண்டவாளத்தில் அழுக்கு, துடைத்தால் சரியாகிவிடும். என் கண் போனது கூடவே வந்த மின்மாற்றியின் மேல். வடம் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உறை காய்ந்து வெடித்திருந்தது. அதன்மேல் யாரோ காகிதம் ஒட்டும் டேப்பை மூன்று சுற்று சுற்றியிருந்தார்கள். பிரித்தேன். செம்புக்கம்பி தெரிந்தது. தரையில் படுத்து ரயில் ஓட்டும் பிள்ளையின் கைக்கு எட்டும் இடம் அது.

“பன்னிரண்டு வோல்ட்தானே அண்ணா, என்ன செய்துவிடும்?”

ஆறு பேரும் இதையேதான் கேட்டார்கள். ஆகவே ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வோல்ட் இருப்பது தண்டவாளத்தில். அந்த வடத்தில் இருப்பது 230 வோல்ட், உங்கள் சலவை இயந்திரத்துக்குப் போகும் அதே மின்சாரம். ‘12 வோல்ட்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது வெளியே வருவதைப் பற்றி. உள்ளே போவதைப் பற்றியல்ல. சுவரிலிருந்து பெட்டி வரைக்கும், பெட்டிக்குள்ளே முதல் சுருள் வரைக்கும் இது விளையாட்டுப் பொருளே இல்லை. அந்தச் சுருளுக்கும் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் சுருளுக்கும் நடுவே நிற்பது காப்பு மட்டும், அதாவது மின்சாரம் தாண்டாமல் தடுக்கும் பொருள். நாற்பது வருடம் பரணில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த காப்பு அது. அது விட்டுப்போனால் நீங்கள் தொடும் தண்டவாளத்துக்கே 230 வோல்ட் வந்து சேரலாம். அப்போதும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். “நன்றாகத்தானே ஓடுகிறது” என்ற பேச்சை நான் காதில் வாங்காததற்குக் காரணம் இதுதான். ஓடுவது மோட்டார் நன்றாக இருப்பதற்குச் சான்று. காப்பு நன்றாக இருப்பதற்கு அது சான்றல்ல. காப்பை அளக்கத் தனி மீட்டர் இருக்கிறது. 500 வோல்ட் கொடுத்து அளப்போம். இந்தப் பெட்டி அதில் தேறவில்லை.

நிஜ முதலையை நினைத்துப் பாருங்கள். சுவிஸ் மத்திய ரயில்வேக்காக 1919 முதல் கட்டப்பட்ட அந்த என்ஜின்கள் மேல்கம்பியிலிருந்து 15,000 வோல்ட் எடுத்தன. இரண்டு மூக்குகளிலும் மோட்டார்கள், நடுக்கூண்டில் மின்மாற்றி. அந்த மின்மாற்றியின் பக்கம் போக வேண்டுமென்றால், மின்சாரத்தைத் துண்டித்து நிலத்தோடு இணைத்த பிறகே போக வேண்டும். விளையாட்டு முதலையில் மின்மாற்றி என்ஜினுக்குள் இல்லை, சுவரோரம் கிடக்கிறது. அதனால்தான் அதை யாரும் என்ஜினின் உறுப்பாக நினைப்பதில்லை. கட்டைகளை ஒவ்வொன்றாகச் சோப்புநீரில் கழுவுகிறார்கள், நிறம் பொருத்துகிறார்கள், தண்டின் நீளத்தை நூல் பிடித்து அளக்கிறார்கள். மின்மாற்றியை மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தயவுசெய்து பழைய மின்மாற்றியைச் ‘சும்மா பார்ப்பதற்காக’க்கூடச் செருகாதீர்கள். வடம் விறைத்திருந்தாலும், உறையில் கீறல் இருந்தாலும், உள்ளே ஏதாவது குலுங்கினாலும் அதன் ஆயுள் முடிந்தது. நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு அல்ல, ஆபத்தை மறைப்பது. பழைய மோட்டாரே வேண்டுமென்றால், குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் தானாகத் துண்டித்துக்கொள்ளும் புதிய 12 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) மின்வழங்கியை வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருக்கட்டும். அது வேண்டாமென்றால் பேட்டரி மோட்டார் போதும். 2020இல் லெகோ வெளியிட்ட 1,271 துண்டுகள் கொண்ட முதலையையே அப்படி ஓட்டலாம். பழைய தோற்றம் கட்டைகளில் இருந்தால் போதாதா?

மாறுமின்னோட்ட (AC) பொம்மை ரயில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒரே தண்டவாளத்தில் இரண்டு மின்மாற்றிகளை இணைத்துவிட்டு ஒன்றின் பிளக்கைப் பிடுங்காதீர்கள். மின்மாற்றி தலைகீழாகவும் வேலை செய்யும்: மற்றதிலிருந்து தண்டவாளம் வழியே வரும் குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்திவிடும். கையில் இருக்கும் பிளக்கின் பின்களில் உயர் மின்னழுத்தம் நிற்கும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். 1970கள், 80களின் சிவப்பு, மஞ்சள் கட்டைகள் சிலவற்றின் நிறமியில் காட்மியம் உண்டு. வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அவற்றைத் தராதீர்கள்; உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

அந்த அப்பாவுக்கு முதலில் மனம் வரவில்லை. “அதே காலத்துப் பெட்டி அண்ணா, ஜோடியைப் பிரிக்க வேண்டுமா?” என்றார். பெட்டியை வேண்டுமானால் அலமாரியில் வையுங்கள் என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே வடத்தைப் பெட்டியின் ஓரத்தோடு நறுக்கினேன். வடத்தோடு திருப்பிக் கொடுத்தால் அடுத்த சந்தையில் வேறொரு வீட்டுப் பிள்ளையிடம் அது போய்ச் சேரும். பிறகு தண்டவாளத்தைத் துடைத்து, என் மேசையிலிருந்த மின்வழங்கியில் இணைத்தோம். முதலை நிற்காமல் எட்டுச் சுற்று ஓடியது. பையன் எண்ணிக்கொண்டே இருந்தான்.