லோ ஆனால் கையைத் தூக்கு

ஒன்பதாம் வகுப்புப் பெண். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக் கபடி அணியில் ரெய்டுக்குப் போகிறவள். டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் ஊசி போடுகிறவள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு முதல்முறை வந்தபோது, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவள் அம்மா சொன்னார்: "டாக்டரம்மா, ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது. தெரியவும் வேணாம்."

நான் காரணம் கேட்கவில்லை. பல வருடமாகக் கேட்டுப் பழகிய காரணம்தான். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இந்த ஊசி குறுக்கே வந்து நிற்கும் என்ற பயம். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தக்காரர்கள் வாய் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்த ரகசியத்தை மைதானத்தில் சுமந்தது பிள்ளைதான். மத்தியான ஊசியைப் பள்ளிக் கழிவறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டாள். பயிற்சிக்கு முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஒரு சாயங்காலம் ரெய்டுக்குப் போய்த் திரும்பியவள் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கை நடுக்கம், தொப்பலாக வியர்வை, கூப்பிட்டால் குழறலாகப் பதில். கபடி ஆடுகிற பிள்ளைக்கு வியர்ப்பதில் என்ன அதிசயம்? டீச்சர் நிழலில் உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். தோழி ஒருத்தி, பாவம் தாகமாக இருக்கும் என்று நினைத்து, எதிர்க் கடையில் கலர் வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை தெளிந்துவிட்டாள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவதைத்தான் 'லோ' என்கிறோம். அந்தக் கலரில் இருந்த சர்க்கரைதான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது என்பது தோழிக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

டைப் 1 என்பது இனிப்பு தின்று வருகிற சுகர் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரையோ பத்தியமோ அதற்கு ஈடாகாது. இன்சுலின் போட்டே ஆக வேண்டும். கஷாயத்தை நம்பி அதை நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. மற்றபடி ஓடலாம், நீந்தலாம், கபடி ஆடலாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிற நானே, தொழிலுக்கு வந்த புதிதில், "விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்கவும்" என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்றோர் கேட்டார்கள், எனக்கும் அதுதான் பாதுகாப்பு என்று பட்டது. மற்ற பிள்ளைகள் ஆடும்போது வேப்பமரத்தடியில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

சரி, கபடிப் பெண்ணுக்கு வருகிறேன். கலர் குடித்த கதையை என்னிடம் சொன்னபோதே, டீச்சரிடம் சொல்லிவிடு என்றேன். நாலு மாதம் திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டுவாள், சொல்ல மாட்டாள். பிறகு ஒரு நாள் அவள் காத்திருந்த பெஞ்சில் நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்தான். பிளஸ் ஒன், வாலிபால் ஆடுகிறவன். சர்க்கரை ஆலை ஊர்க்காரனுக்கே சுகரா என்ற கேலியை ஆயிரம் முறை கேட்டு, அதைத் தாண்டி வந்தவன். பெஞ்சிலேயே மீட்டரை எடுத்து, பத்துப் பேர் பார்க்க விரலில் குத்தினான். இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்குமா? எவ்ளோ வந்துச்சு?" என்றான்.

"இன்னும் பாக்கலண்ணா."

மீட்டரை நீட்டினான். புது ஊசி மாட்டிக் குத்தினாள். 178. "எனக்கு 112. கிரவுண்டுக்குப் போனா நீதான் இப்ப சேஃப், எனக்கு ரெண்டு பிஸ்கட் வேணும்" என்று சிரித்தான். அறைக்குள் வந்தவள் முதன்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த அண்ணா மேட்சுக்கு நடுவுல ஊசி போட்டுப்பாராமே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" நாலு மாதமாக என்னால் முடியாததை அந்தப் பெஞ்சு முடித்துவிட்டது.

அதிலிருந்து தொடங்கியதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை. முதலில் நாலு பிள்ளைகள் வந்தார்கள், இப்போது பதினொன்று. ஓடுவதற்கு முன் வட்டமாக நின்று எல்லோரும் சர்க்கரை பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 125-லிருந்து 180 வரை இருந்தால் ஓடலாம். 90-க்குக் கீழே என்றால் முதலில் வாழைப்பழம், ஏறிய பிறகுதான் ஓட்டம். 250-க்கு மேல் போனால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும்; கீட்டோன் இருந்தால் அன்றைக்கு ஓட்டமே கிடையாது. இவை பொதுவான எல்லைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் மருத்துவர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார். ஓடப் போகும் நாளில் தொடையில் ஊசி போடாதே, வேலை செய்கிற தசை இன்சுலினைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும் என்று நான் சொன்னதைப் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். மணலில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் தனியாக ஒரு கூட்டம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது தான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றியும் பேசுவோம். 1997-இல் சுகர் என்று தெரிந்த பிறகும் ஆடி, 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500-ஆவது விக்கெட்டை எடுத்த வாசிம் அக்ரம் என்றால் அப்பாக்கள் முகம் மலரும். பன்னிரண்டு வயதில் டைப் 1 வந்தும் ரியல் மாட்ரிட் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய நாச்சோ, பையன்களுக்குப் பிடித்தவர். எனக்கு முக்கியமாகப் படுவது டென்னிஸ் வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரேவ். நாலு வயதிலிருந்து டைப் 1. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிறகு, 2022-இல்தான் உலகத்துக்குச் சொன்னார். அவருக்கே அத்தனை காலம் ஆயிற்று என்றால் பண்ருட்டிப் பெண்ணுக்கு நாலு மாதம் ஆனதில் என்ன வியப்பு? அக்ரமும் ஸ்வெரேவும் எங்கேயோ இருப்பவர்கள். அவளுக்கு நெல்லிக்குப்பத்து அண்ணன் தேவைப்பட்டான்.

இப்போதெல்லாம் விலக்குச் சான்றிதழுக்குப் பதில் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். நடுக்கம், வியர்வை, திடீர்க் கோபம், குழறல் தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்துங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. கடலை மிட்டாய், சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான் கடிதம். கபடிப் பெண் அதை டீச்சரிடம் கொடுத்த அன்று, "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல" என்று அவர் கண் கலங்கினாராம்.

போட்டி நாளுக்கென்று ஒரு எச்சரிக்கை. பயிற்சியில் 150 காட்டுகிற பிள்ளைக்கு மேட்சுக்கு முன் 260 காட்டும். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் வேலை அது. பயந்துபோய் வழக்கமான அளவு இன்சுலினை ஏற்றினால் ஆட்டத்தின் நடுவில் லோ ஆகும். கீட்டோன் இல்லையென்றால் பொறுமையாக இருந்து மறுபடி பார்ப்பது நல்லது. இன்னொன்று, ஆட்டம் முடிந்தாலும் உடம்பு கணக்கை முடிப்பதில்லை. தசைகள் செலவழித்த சர்க்கரையை ராத்திரி முழுக்கத் திரும்ப இழுக்கும். அதனால் படுக்கும் முன் பார்த்தே ஆக வேண்டும். இரவு ஊசியின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வெளியூர்ப் போட்டிக்குப் பஸ்ஸில் போகும்போது இன்சுலின் பேனாவை ஜன்னலோரம் வைக்காதீர்கள். நம்மூர் மே மாத வெயிலில் அது வீணாகிவிடும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் மண்பானைக் குளிர்ச்சி கைகொடுக்கும். தேசிய அளவுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சேதி: இன்சுலின் உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. நோய்க்காகப் போடுபவர்கள் மருத்துவ விலக்கு அனுமதியை முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன முறை குறுவட்டப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். பெண்கள் கபடியில் ஒரு பாதிக்குப் பதினைந்து நிமிடம்தான். முதல் பாதி முடிகிற நேரத்தில் அவள் கையைத் தூக்கினாள். அன்று கலர் வாங்கிக் கொடுத்த அதே தோழி, இந்த முறை விஷயம் தெரிந்து, குளுக்கோஸ் டப்பாவோடு ஓடினாள். 64. கரைத்துக் குடித்தாள். ஐந்து நிமிட இடைவேளை முடிந்தது, விசில் ஊதினார்கள். இன்னும் பத்து நிமிடம் அவள் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். டீச்சர் கேள்வி கேட்காமல் மாற்று ஆளை இறக்கினார். கூட்டத்திலிருந்து அம்மா எழுந்து வந்து, முந்தானையால் அவள் விரலைத் துடைத்து, எல்லோர் கண் முன்னாலும் மறுபடி குத்திப் பார்த்தார். 92. கடைசி மூன்று நிமிடம் ஆடினாள்.

அந்த மேட்ச் தோற்றார்கள். அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில், போட்டியில எவ்ளோ வந்துச்சு என்று நெல்லிக்குப்பத்துப் பையன் கேட்டதும், "64ண்ணா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.