கறை தெரியும், கரைவது தெரியாது

பிப்ரவரியில் ஒரு பல் மருத்துவக் கருத்தரங்குக்காக நாசிக் போயிருந்தேன். கடைசி நாள், உடன் வந்தவர்கள் சுலா திராட்சைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார்கள். ராஜீவ் சமந்த் 1999-ல் தொடங்கியது. இன்று இந்தியாவின் மிகப் பெரிய ஒயின் நிறுவனம்.

அறுவடை நேரம். அங்கே மழை ஓய்ந்ததும் கொடிகளைக் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை பழம் பறிக்கிறார்கள். வெள்ளை ஒயின் என்றால் பழத்தைப் பிழிந்ததுமே தோலை ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதிக்க விடுவார்கள். வெளியே நல்ல வெயில். தொட்டியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. தோல் இல்லாததால் நிறமும் துவர்ப்பும் குறைவு. புளிப்பு முன்னால் வந்து நிற்கும். டார்டாரிக், மாலிக் அமிலங்கள்தான் அந்தப் புளிப்பு. சுற்றிக்காட்டியவர் அதைப் பெருமையாகச் சொல்லச் சொல்ல, என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

சுவைக்கும் மேடையில் செனின் பிளாங்க் என்ற திராட்சை வகையின் வெள்ளை ஒயின் லேசாக இனித்தது. சாவினோன் பிளாங்க் என்ற இன்னொரு வகையில் குடைமிளகாய் வாசம். ஒரு வாய் எடுத்து, காற்றை உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டிச் சுவைக்க வேண்டுமாம். பல்லின் எல்லாப் பக்கத்தையும் அமிலத்தில் குளிப்பாட்ட இதைவிட நல்ல வழி கிடையாது!

“நல்லவேளை, சிவப்பைத் தொடலை. பல்லுல கறை படியாது” என்றார் நண்பர் ஒருவர். அவர் பல் மருத்துவர் இல்லை.

கறையை நான் அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். கரைந்த எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலோடு, திரும்ப முளைக்காது. அமிலத்தை அளக்கும் பிஹெச் அளவுகோலில் வெள்ளை ஒயின் பெரும்பாலும் 3-லிருந்து 3.4 வரை. 5.5-க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். அந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால், ஒயினின் அமிலம் அந்த 5.5 எல்லையைவிட நூறு மடங்குக்கும் மேல்.

ஓட்டலில் ஒயின் பரிமாறும் இளைஞர் ஒருவர், பல் மஞ்சளாகிவிட்டது, வெளுக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார். பார்த்தால் அது அழுக்கே இல்லை. எனாமல் தேய்ந்து, அடியிலிருந்த டென்டின் என்ற மஞ்சள் நிற அடுக்கு தெரிகிறது. சுவைத்து முடித்த ஒவ்வொரு முறையும் ஓடிப்போய் அழுத்தித் தேய்த்திருக்கிறார் மனிதர். அமிலம் பட்டு இளகியிருக்கும் நேரத்தில் பிரஷ் போட்டால், உமிழ்நீர் சரிசெய்ய வேண்டியதையும் சேர்த்து வழித்துவிடும். அவருக்கு வெளுப்பது பல் கூச்சத்தைத்தான் கூட்டியிருக்கும். ஒயினைத் தொடாதவர்களும் இதில் உண்டு: காலையில் எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்ப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

சுவைப்பதற்கு முன்பும் தேய்க்க வேண்டாம். நடுநடுவே தண்ணீரால் கொப்பளியுங்கள். தட்டில் வைக்கும் சீஸ் துண்டைத் தின்னுங்கள், அது அமிலத்தைத் தணிக்கும். முடித்த பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், பிரஷ்ஷைத் தொடாதீர்கள். துப்புவதற்குக் குடுவை வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் துப்பலாம். அது பல்லைக் காக்காது, ஆனால் உள்ளே போகும் மது குறையும். மது வாய்ப்புற்றுநோய்க்கு ஒரு காரணம். புகையிலையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகும்.

விடுதி அறைக்கு வந்ததும் நண்பர் முதல் வேலையாகப் பிரஷ்ஷை எடுத்தார். பிடுங்கி வைத்துக்கொண்டேன். இரவு படுக்கப் போகும்போதுதான் திருப்பிக் கொடுத்தேன்.