சட்டம் மாறிய தேதியும் தங்கையின் பங்கும்

"வக்கீலம்மா, எனக்குக் கல்யாணம் 1986-ல. அப்பா 2001-ல போயிட்டாரு. பூர்வீக நிலத்துல எனக்குப் பங்கு உண்டா?"

இப்படிக் கேட்டு வந்தவர்களிடம் 2019 வரை, அப்பாவின் பாகத்தில் ஒரு துண்டுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது அந்தப் பதில் செல்லாது.

1989-ல் தமிழ்நாடு, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு அது இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை கிடையாது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-ல் வினீதா சர்மா வழக்கில், உரிமை பிறப்பிலேயே வருவதால் அது தேவையில்லை என்றது. இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை, அம்மா முன்பே இல்லை என்றால், ஒன்பதில் ஒன்றாக (அப்பாவின் மூன்றில் ஒரு பாகத்தில் மூன்றில் ஒன்று) இருந்த தங்கையின் பங்கு மூன்றில் ஒன்றாகிறது.

ஜெர்மனியிலும் இதே சிக்கல் வந்தது. 1949 ஜூலை 1-க்கு முன் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு அங்கே அப்பாவின் சொத்தில் வாரிசுரிமை இல்லை. அது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 மே 28-ல் தீர்ப்பளித்தது. 2011-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் பொதுவாக, அந்தத் தீர்ப்புக்குப் பின் நடந்த மரணங்களுக்கே அது பொருந்தும். சொத்து ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்களை அவர்கள் கலைக்கவில்லை. அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு சொத்தோடு வாரிசுரிமையையும் அடிப்படை உரிமையாகக் காக்கிறது. நம் நாட்டில் 1978 திருத்தத்துக்குப் பிறகு சொத்துரிமை அடிப்படை உரிமை அல்ல.

அங்கே மரணத் தேதியைப் பார்க்கிறார்கள். இங்கே, 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனையையும், பதிவான அல்லது நீதிமன்ற ஆணை பெற்ற பாகப்பிரிவினையையும் சட்டம் தொடாது. இத்தனை காலம் ஒதுக்கப்பட்டவளுக்கு நம் வழிதான் நியாயம் என்பது என் கருத்து.

அதனால் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பாகப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதியில்? "அப்பவே வாய்ப்பேச்சா பிரிச்சாச்சு" என்பது சாதாரணமாக எடுபடாது. அரசு ஆவணங்களின் உறுதியான ஆதாரம் வேண்டும். அண்ணன் பெயரில் பட்டா இருப்பது மட்டும் பாகப்பிரிவினை ஆகாது. அப்புறம், "சும்மா ஒரு கையெழுத்து" என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். அதைப் பதிவு செய்துவிட்டு, 2020 தீர்ப்பு வந்த பிறகு என்னிடம் வந்த தங்கைகளும் இருக்கிறார்கள்.