கேலியும் இல்லை, சித்திரம் மட்டும் என்றும் இல்லை

போன வாரம் தொலைக்காட்சியில், வால்ட் டிஸ்னியின் 1937 அனிமேஷன் படமான 'ஸ்நோ ஒயிட்' பற்றி ஒரு நிகழ்ச்சி. "உலகப் புகழ்பெற்ற கேலிச்சித்திரத் திரைப்படம்" என்றார் தொகுப்பாளர். ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். கால் மணி நேரத்தில் நாலு தடவை! அந்தப் படம் யாரைக் கேலி செய்கிறது? தாயில்லாப் பெண்ணையா, அவளுக்காக அழுத ஏழு குள்ளர்களையா?

கார்ட்டூன் என்றதும் அகராதியைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். இத்தாலிய மூலத்தில் அந்தச் சொல்லுக்குத் தடித்த தாள் என்று பொருள். ஓவியர்கள் அதில் சுவரோவியத்துக்கு முன்வரைவு போட்டார்கள். 1843-ல் லண்டன் 'பஞ்ச்' இதழ் தன் நையாண்டிப் படங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டியபோதுதான் கேலி வந்து ஒட்டிக்கொண்டது. பத்திரிகைப் படத்துக்குக் கேலிச்சித்திரம் கச்சிதமான சொல், அங்கேயே இருக்கட்டும். அனிமேஷன் வேறு குடும்பம். லத்தீனில் 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். அவ்வளவுதான் சொல் வரலாறு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இயங்குபடம்' என்கிறார்கள் பலர். எனக்கு ஒப்பவில்லை. சினிமாவையே 'சலனப்படம்' என்று சொன்னவர்கள் நாம். எல்லாப் படமும் இயங்கத்தானே செய்கிறது? அப்புறம், அந்தச் சொல்லிலிருந்து அனிமேட்டருக்குப் பெயர் எடுத்துப் பாருங்கள்: இயக்குநர்! 'ஸ்நோ ஒயிட்'டின் தலைமை இயக்குநர் டேவிட் ஹேண்ட். அவருக்குக் கீழே படம் வரைந்த அத்தனை பேரும் இயக்குநர்கள் என்றால் யார் யாருக்கு வேலை சொல்வது?

'அசைவூட்டம்' பரவாயில்லை. ஊட்டுகிற கை அதில் தெரிகிறது. ஆனால் அந்தக் கை ஊட்டியது அசைவை மட்டுமா? டிஸ்னி ஸ்டுடியோவில் வண்ணம் தீட்டும் பிரிவில் இருந்த பெண்கள், ஸ்நோ ஒயிட்டின் கன்னத்தில் லேசான சிவப்பை ஒவ்வொரு தாளாகத் தொட்டுத் தொட்டு ஏற்றினார்கள். அந்தச் சிவப்பு எதையும் அசைக்கவில்லை. செத்துப்போனதாக நினைத்து அவளைக் கிடத்தியிருக்கும் காட்சியில் குள்ளர்கள் பெரும்பாலும் தலை குனிந்து அப்படியே நிற்கிறார்கள். கண்ணீர் மட்டும் இறங்குகிறது. படத்திலேயே அசைவு மிகக் குறைந்த இடங்களில் அது ஒன்று. 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் கார்த்தே சர்க்கிள் அரங்கில் கூட்டம் அழுதது அங்கேதான்.

ஆகவே என் ஓட்டு 'உயிரூட்டம்'. அதைச் செய்பவர் உயிரூட்டுநர். மூலச் சொல்லோடும் பொருந்துகிறது, வேலையோடும் பொருந்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை. படம் தயாரிப்பில் இருந்தபோது ஹாலிவுட்டே அதை 'டிஸ்னியின் கிறுக்குத்தனம்' என்று சிரித்தது. இரண்டரை லட்சம் டாலர் என்று போட்ட கணக்கு பதினைந்து லட்சத்தைத் தொட்டது. ஏழெட்டு நிமிடச் சிரிப்புப் படம் என்றால் சரி, 83 நிமிடம் கோமாளித்தனத்தை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கேள்வி. கார்ட்டூன் என்றால் கேலி என்று அவர்களும்தான் நினைத்தார்கள். வால்ட் டிஸ்னியோ, குள்ளர்கள் சூப் குடிக்கும் சிரிப்புக் காட்சியைப் பென்சிலில் உயிரூட்டி முடித்த பிறகும், கதையை இழுக்கிறது என்று வெட்டி எறிந்தார். 1939-ல் அகாடமி அவருக்கு ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தது. ஹாலிவுட் மாறிவிட்டது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் 1936-லேயே நிற்கிறார்கள்.

('மியூசிக்கல்' என்பதை 'இசை நாடகத் திரைப்படம்' என்று நீட்டி முழக்குவது இன்னொரு கூத்து. நம் ஊரில் பாட்டில்லாத படத்துக்குத்தான் தனிப் பெயர் தேவைப்படும்.)

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். அச்சில் பார்த்தால் உயிரூட்டம் என்று வரவேண்டிய இடமெல்லாம் 'உயிரோட்டம்' என்று இருந்தது. போன் செய்து கேட்டேன்.

"எழுத்துப்பிழைன்னு நினைச்சோம் சார்" என்றார்கள்.