பள்ளமா, மேடா? பனியாற்றின் மேல் கூடாரம் போடும் கணக்கு

உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சிக்குப் போய்வந்த கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனியாற்றின் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளம். எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று நினைத்தோம். பயிற்றுநரோ இடுப்புக் கயிற்றை அவிழ்க்கவே விடவில்லை. நீண்ட கம்பியால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, 'இங்கே வேண்டாம்' என்று நூறடி தள்ளி அழைத்துப் போனார். அங்கும் அதே சமதளம்தான். என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் காலுக்குக் கீழே இருக்கிறது. தலைக்கு மேலேயும் இருக்கிறது. கீழே இருப்பது சொல்லும் யோசனைக்கு மேலே இருப்பது நேர் எதிராகச் சொல்லும். சிக்கலும் சுவாரசியமும் அங்கேதான்.

ஆண்டுக்கணக்கில் விழும் பனி தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகிறது, சரிவில் மெல்ல நகர்கிறது என்பது பள்ளிப் பாடம். பாடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கெட்டியான பொருள் எப்படி ஓடுகிறது? ஓடுகிற பொருளில் எப்படி விரிசல் விழுகிறது?

கமர்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லால் தட்டினால் சில்லுச் சில்லாக உடையும். சட்டைப் பையில் மறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் பரந்து ஒட்டிக்கொள்ளும். பனிக்கட்டியின் குணமும் அதுதான். மைனஸ் 5 டிகிரி நமக்குக் கடுங்குளிர்; பனிக்கட்டிக்கோ அது உருகுநிலையின் வாசல். கெல்வின் கணக்கில் பார்த்தால், உருகும் வெப்பத்தில் 98 சதவீதத்தை அது எட்டிவிட்டது. இரும்பை அதே விகிதத்துக்குச் சூடாக்க வேண்டுமானால் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த நிலையில் இருக்கும் இரும்பு மலை ஒன்று சரிவில் கிடந்தால் நகரத்தானே செய்யும்!

இந்த நகர்வுக்கான விதியை 1950களில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜான் க்ளென் கண்டறிந்தார். பனிக்கட்டியின் மீதான அழுத்தத்தை இரு மடங்காக்கினால், அது நகரும் வேகம் இரு மடங்காவதில்லை. ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. அதே கூடத்தில் பனியாறுகளை ஆராய்ந்த இன்னொருவர் மாக்ஸ் பெருட்ஸ். ஆம், ஹீமோகுளோபினின் அமைப்பைக் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்ற அதே பெருட்ஸ்தான். ரத்தப் புரதம் படிப்பவருக்குப் பனியாற்றில் என்ன வேலை என்று அன்று யாரும் அவரைத் தடுக்கவில்லை. இன்று அப்படியொரு நிதி விண்ணப்பம் நம் குழு ஒன்றின் முன் வந்தால் முதல் பக்கத்தைத் தாண்டுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

க்ளென் விதியை வைத்துக்கொண்டு பனிப்பிளவுக்கு வருவோம். பனியாற்றின் அடியில் உள்ள பாறை ஓரிடத்தில் மேடிட்டுப் பின் செங்குத்தாக இறங்குகிறது என்று கொள்ளுங்கள். அந்த மேட்டைத் தாண்டும் பனிக்கட்டியின் முன்பகுதி விரைந்து இறங்க, பின்பகுதி தங்கிப்போகிறது. நடுவில் இழுபடும் மேற்பரப்பு தாங்காமல் குறுக்கே வெடிக்கிறது. ஆனால் வெடிப்பு அடிவரை போவதில்லை. முப்பது மீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பனிக்கட்டியின் எடை மட்டுமே ஏறக்குறைய 2.7 வளிமண்டல அழுத்தம். அந்த அழுத்தத்தில் பனிக்கட்டி உடைவதைவிட வேகமாக நகர்ந்து இடைவெளியை மூடிவிடுகிறது. அதனால்தான் மலைப் பனியாறுகளின் பிளவுகள் பெரும்பாலும் முப்பது, நாற்பது மீட்டரோடு நின்றுவிடுகின்றன. மேல்தோல் உடைகிறது, உள்சதை ஓடுகிறது. இரண்டும் ஒரே பொருள்! (பிளவுக்குள் தண்ணீர் நிறைந்தால் கதை வேறு. தண்ணீர் பனிக்கட்டியைவிட அடர்த்தி மிக்கது. சுவர்கள் நெருங்க விடாமல் தள்ளிக்கொண்டு அடிப்பாறை வரை பிளந்துவிடும்.)

பாறைப் படுகை குழிந்திருக்கும் இடத்தில் எல்லாம் தலைகீழ். முன்னால் போகும் பனிக்கட்டி தயங்க, பின்னால் வருவது முட்டுகிறது. மேலே திறந்து வந்த பிளவுகள் அங்கே நெருக்குண்டு மூடிக்கொள்கின்றன. பனியாற்றின் ஓரங்களும் நம்பத் தகுந்தவை அல்ல. பக்கச் சுவரோடு உராயும் ஓரம் மெதுவாகவும் நடுப்பகுதி வேகமாகவும் போவதால், கரையிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாகப் பிளவுகள் ஓடும். கீழ்நோக்கித்தான் சாயும் என்று புதிதாக வருபவர்கள் எதிர்பார்ப்பார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம்: பிளவு மண்டலம் நகர்வதில்லை. பனிக்கட்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பாறை மேடு அங்கேயே இருக்கிறது. மேட்டுக்கு வரும் புதுப் பனிக்கட்டி புதிதாக வெடிக்கிறது, தாண்டிப் போன பழையது மூடிக்கொள்கிறது. எவரெஸ்ட்டின் கும்பு பனியருவி (பனியாறு செங்குத்தாக இறங்கி உடையும் பகுதி) நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நகர்கிறது. ஆனால் அந்த அருவி அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே, போன ஆண்டு எடுத்த ஜிபிஎஸ் புள்ளி 'இந்தப் பகுதி ஆபத்து' என்று சொல்ல உதவும். 'இந்த இடத்தில் பிளவு இல்லை' என்று சொல்ல உதவாது.

ஆக, காலுக்குக் கீழே உள்ள அறிவியல் தரும் யோசனை தெளிவு: மேட்டைத் தவிர், பள்ளமாகக் குழிந்த இடத்துக்குப் போ.

தலைக்கு மேலே உள்ள அறிவியல் அங்கிருந்துதான் விரட்டுகிறது. பள்ளம் என்பது மேலிருந்து வருவதெல்லாம் வந்து நிற்கும் இடம். பாமீர் மலைத்தொடரில் 7,134 மீட்டர் உயர லெனின் சிகரத்தில், சுமார் 5,300 மீட்டரில் அப்படியொரு அகன்ற குழிவு உண்டு. பகலில் நாலாபுறமும் வெயில் எதிரொளித்துக் கொளுத்தும் என்பதால் ஏறுவோர் அதை வாணலி என்பார்கள். 1990 ஜூலை 13 அன்று ஆப்கானிஸ்தானில் ஏற்பட்ட நிலநடுக்கம் மேலே தொங்கிய பனிக்கட்டிப் பாளத்தை உடைத்துவிட்டது. அந்தக் குழிவில் போட்டிருந்த இரண்டாம் முகாமில் இருந்த 45 பேரில் உயிர் தப்பியவர்கள் இருவர். இன்று அந்த முகாமை ஓரத்துப் பாறைகளை ஒட்டிப் போடுகிறார்கள்.

எவ்வளவு தள்ளிப் போனால் போதும்? பத்தாம் வகுப்புக் கணக்கே உதவும். 1881இல் சுவிட்சர்லாந்தின் எல்ம் கிராமத்தை மூடிய மலைச்சரிவை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹைம் என்ற புவியியலாளர், சரிவு தொடங்கிய உச்சிக்கும் ஓய்ந்த முனைக்கும் இடையே ஒரு கோடு போட்டால், அதன் கோணம் சரிவின் வீச்சைச் சொல்லும் என்றார். ஆல்ப்ஸில் பதிவான பனிக்கட்டிச் சரிவுகளில் மிகத் தொலைவு ஓடியவற்றுக்கு இந்தக் கோணம் சுமார் 17 டிகிரி. tan 17° என்பது 0.31 அளவு, அதாவது ஆயிரம் மீட்டர் உயரத்தில் தொங்கும் பாளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரலாம். கூடாரம் போட நினைக்கும் இடத்தில் நின்று, மேலே தெரியும் பாளத்தின் ஏற்றக்கோணத்தைப் பாருங்கள். நீட்டிய கையின் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. ஒன்றே முக்கால் முஷ்டிக்கு மேலே பாளம் தொங்கினால் நீங்கள் அதன் வீச்சுக்குள் இருக்கிறீர்கள். குறுகிய பள்ளத்தாக்குகளில் இந்தக் கோணத்துக்கு வெளியே இடமே கிடைக்காது. அப்போது சரிவின் பாதையிலிருந்து விலகிய பாறை முதுகையாவது தேட வேண்டும். தங்கும் இரவுகளையும் குறைக்க வேண்டும்.

எவரெஸ்ட் அடிவார முகாமில் ஷெர்பாக்கள் ஏறும் முன் பூஜை செய்வார்கள். அதில் எனக்கு எந்தச் சச்சரவும் இல்லை. அதைச் செய்துவிட்டு ஏணியையும் கயிற்றையும் சரிபார்க்கத்தான் போகிறார்கள். என்னை எரிச்சலூட்டும் மூடநம்பிக்கைகள் வேறு. 'எல்லாக் குழுவும் இங்கேதான் தங்குகிறது' என்பது ஒன்று. 'வெயில் வருமுன் பனிக்கட்டி விழாது' என்பது இன்னொன்று. இளகிய பனிக்கும், பிளவை மூடியிருக்கும் பனிப்பாலத்துக்கும் அது பெருமளவு பொருந்தும். தொங்கு பாளத்தைப் பின்னாலிருந்து தள்ளுவதோ பனியாறு. அதற்குப் பகல் இரவு கிடையாது. 2012 செப்டம்பரில் நேபாளத்தின் மனஸ்லு சிகரத்தில் 11 பேரைக் கொன்ற சரிவு, அவர்கள் உறங்கிக்கொண்டிருந்த விடியலுக்கு முந்தைய வேளையில் வந்தது.

எல்லோருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இருப்பதில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் காவல் நிலையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனியில் புதைந்தார்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் நால்வர். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது எல்லைக்கோடு. இந்திய இமயத்தில் 9,575 பனியாறுகள் இருப்பதாகப் புவியியல் ஆய்வுத் துறையின் பட்டியல் சொல்கிறது. 2002 முதல் அளக்கப்பட்டுவரும் இமாசலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றைப் போலக் களத்தில் தொடர்ந்து கவனிக்கப்படுபவை மிகச் சில. படைகளை நிறுத்தும் உயரத்துக்கு அளவுகோல்களையும் தாராளமாக அனுப்பலாம் என்பது என் கருத்து.

இனி அந்தக் கம்பி. மூன்று மீட்டர் நீளமுள்ள துழாவுகோல் அது. ஒரே சீரான எதிர்ப்போடு இறங்கினால் நல்லது. பாதியில் எதிர்ப்பு சட்டென்று அற்றுப்போனால் அடியில் வெற்றிடம். பிளவின் மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த பனிப்பாலம் கண்ணுக்குச் சமதளமாகத்தான் தெரியும். காலை, மாலைச் சாய்வெயிலில் மட்டும் சில வேளை நீளமான மெல்லிய நிழலாகக் காட்டிக்கொடுக்கும். உங்கள் பயிற்றுநர் அப்படியொரு வெற்றிடத்தைத் தொட்டிருப்பார். அதனால்தான் நூறடி நடக்கவைத்தார். புது இடத்திலும் கட்டம் கட்டமாகக் குத்திப் பார்த்து, எல்லையில் கொடிக்குச்சிகள் நட்ட பிறகே கயிற்றை அவிழ்க்கலாம். காற்றுக்குப் பனிச்சுவர் எழுப்புவது, உருக்கிக் குடிக்கும் பனியை ஒரு மூலையிலும் கழிப்பிடத்தை எதிர் மூலையிலும் வைப்பது எல்லாம் அந்த எல்லைக்குள்தான். நள்ளிரவில் ஒதுங்க எழுபவர் கூச்சப்பட்டுக் குச்சிகளைத் தாண்டிப் போகக் கூடாது. அவ்வளவு கூச்சம் உள்ளவர்கள் கூடாரத்துக்குள்ளேயே அகன்ற வாயுள்ள பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்வார்கள்; குடிதண்ணீர் பாட்டிலோடு இருட்டில் மாறிப்போகாமல் இருக்க அதன் கழுத்தில் கயிறு சுற்றி வைப்பதும் உண்டு.