துபாயில் விமானம் மாறும் சர்க்கரை நோயாளிகளுக்கு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், விமானத்தில் இன்சுலின் போட்டுக்கொள்ளலாமா?" தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கவலையெல்லாம் நடுவில் துபாயில் இறங்கி அடுத்த விமானம் ஏறும்வரை கழிகிற அந்தச் சில மணி நேரம்தான்.

அங்கே மூன்றாவது முனையம் மட்டுமே ஏ, பி, சி என்று மூன்று பகுதிகளாக விரிந்து கிடக்கிறது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போகவேண்டி வரலாம். இறங்கியதும் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை, வரிசை, நீண்ட நடை. இத்தனையும் முடித்து வருகிறவர், ஏறியதும் சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி, கேட் அருகிலேயே ஊசி போட்டுக்கொள்கிறார். விமானம் தாமதமாகிறது. நடந்த களைப்பு, வெறும் வயிறு, உள்ளே போன மருந்து மூன்றும் சேர்ந்து சர்க்கரையைக் கீழே இறக்கிவிடுகின்றன. வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கக் கலக்கம் என்றே நினைப்பார்கள்.

சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, பயண நாளில் மட்டும், தட்டு கண்ணெதிரே வந்த பிறகு போடுங்கள். குளுக்கோஸ் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தலைசுற்றினால் மூன்று டீஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. உடன் போகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கதை வேறு. நியூயார்க் நேரம் நம்மைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்தங்கியது. அன்றைய நாளே நீண்டுவிடுவதால், அளவையும் நேரத்தையும் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலினை செக்-இன் செய்து அனுப்பும் பெட்டியில் வைக்கவே வேண்டாம். பெட்டி துபாயில் உங்கள் கைக்கு வராது. குளிரில் ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகும் உதவாது.

சக்கர நாற்காலி கேட்கப் பலர் கூசுகிறார்கள். "நான் நன்றாகத்தானே நடக்கிறேன்?" என்கிறார்கள். வீட்டுக்குள் நடப்பவருக்கும் அந்தத் தூரம் அதிகம். படி ஏற முடிந்து, நெடுந்தூரம் மட்டும் நடக்க முடியாதவர்களுக்கென்றே அந்த ஏற்பாட்டில் ஒரு பிரிவு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளைகள் பதிவு செய்துவிடலாம். குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகவாவது சொல்லிவிட வேண்டும். உதவியாளர் உங்களைக் காத்திருக்கும் இடத்தில் உட்காரவைத்துவிட்டுப் போகக்கூடும். அவர் நகர்வதற்கு முன்பே கழிப்பறை, தண்ணீர், சாப்பாடு பற்றிக் கேட்டுவிடுங்கள். அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் அழைக்கும் வழக்கமில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும். எமிரேட்ஸ் விமானம் என்றால் புறப்பட 20 நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுவார்கள்.

மூட்டுவலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்து என்று எடுத்துக்கொள்பவர்கள் பயணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வேறு மருந்து எழுதித் தர முடியும்.