சீசன் டிக்கெட் எந்தப் பருவத்துக்கு?

சென்னையில் கடற்கரை–தாம்பரம் ரயில் தடத்தில் ஒரு நிலையம். கவுன்டர் கண்ணாடியில் ‘பருவகாலச் சீட்டு இங்கே வழங்கப்படும்’ என்று ஒரு தாள். ஒரு முறை கட்டிவிட்டு மாதக்கணக்கில் போய்வரும் சீசன் டிக்கெட்டைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் அதைப் படித்துவிட்டுத் திரும்பினான்: “அண்ணே, பருவம்னா செமஸ்டரா?” ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டச் சொல்வார்களோ என்ற கவலை. கல்லூரியில் செமஸ்டர் தேர்வுக்குப் பருவத் தேர்வு என்றுதானே பெயர்!

சீசன் என்ற சொல், விதைப்பைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் விதைக்கும் காலம், அப்புறம் ஆண்டின் பருவம், அப்புறம் ஏதோ ஒரு கால அளவு. டிக்கெட்டில் இருப்பது அந்தக் கடைசிப் பொருள்தான்.

‘பருவத்தே பயிர் செய்’ என்ற ஔவையாரைக் காட்டி, இதைவிடப் பொருத்தம் உண்டா என்பார்கள் பருவக் கட்சியினர். சரி, வேர் பொருந்துகிறது. டிக்கெட் எடுப்பவர் வேரையா எடுக்கிறார்? தமிழில் பருவம் தானாக வந்து தானாகப் போவது: பருவமழை, பருவ வயது. குற்றால சீசனுக்கு அது சரி. இந்தச் சீட்டு ஐப்பசியிலும் உண்டு, சித்திரையிலும் உண்டு. எடுக்கிற நாள்தான் கணக்கு. அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிட்டு எழுந்துபோன வேலை இது. தமிழில் எழுதுவது குற்றமில்லை. பிளாட்பாரத்துக்கு நடைமேடை எவ்வளவு அழகாக உட்கார்ந்துவிட்டது!

வேறு எப்படி எழுதலாம்? ‘மாதச் சீட்டு’ என்று சுருக்கினால் தெருவில் சீட்டுப் பிடிக்கிற அக்காதான் நினைவுக்கு வருவார். அதனால் மாதப் பயணச்சீட்டு. மூன்று மாதத்துக்குக் காலாண்டுப் பயணச்சீட்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டாமா என்பார்கள். கவுன்டரில் பொதுச்சொல் கேட்டு யாரும் வருவதில்லை.

தாளில் அப்படி மாற்றி எழுதும்வரை சீசனே இருக்கட்டும். 1931-இல் மின்ரயில் ஓடத் தொடங்கிய தடம் இது. அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் நின்றன, சீசன் நிற்கவில்லை. பையனும் கடைசியில் கண்ணாடித் துளையில் குனிந்து, “தாம்பரம் டு பீச், ஒரு மாச சீசன்” என்றான். உடனே கிடைத்தது.